ஏற்காட்டுக்குக் கேமராவோடு ஆளழைத்துப் போகும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மலை நடையும் படப்பயிற்சியும் சேர்த்து ஞாயிறுதோறும் சேர்வராயன் மலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் "காலை 6 மணிக்குச் சேலத்தில் வண்டி ஏறுங்கள்" என்கிற அறிவிப்பை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள்.

இங்கே ஜனவரிக் கடைசியில் சூரியன் 6.40 வாக்கில் உதிக்கும். மே கடைசியில் 5.50-ஐ ஒட்டி. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போக ஒரு மணி நேரம் ஆகிவிடும். நம் ஊர் இருக்கும் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால், உதயத்துக்குப் பிறகு 40 நிமிடத்துக்கு மேல் பொன்வெயில் நிற்காது. பகோடா பாயிண்டில் உங்கள் ஆட்கள் இறங்கும்போது பள்ளத்தாக்கு வெளுத்துப் போயிருக்கும். அதற்காக நள்ளிரவில் மலை ஏறவும் வேண்டாம், காட்டெருமை ரோட்டில் நிற்கும். சனிக்கிழமை மாலையே ஏறி, இரவு தங்குங்கள்.

அப்படிப் போனால் லேடீஸ் சீட் காட்சிமுனையும் கிடைக்கும். சூரியன் மறைந்து 20 நிமிடம் பொறுங்கள். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும், கீழே சேலம் விளக்கேற்றியிருக்கும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் 15 முதல் 30 வினாடி என்று வைத்தால் மலைப்பாதையில் இறங்கும் வண்டிகள் ஒளிக்கோடாக விழும். ட்ரைபாடின் நடுத்தண்டைத் தூக்காதீர்கள், காற்றுக்கு ஆடும். பையைத் தொங்கவிடுவதானால் அதன் அடி தரையைத் தொடட்டும், இல்லையென்றால் அதுவே ஊஞ்சலாகி ட்ரைபாடை அசைக்கும்.

மூடுபனியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் எதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனியைக் காட்டினால் அது அழுக்குச் சாம்பலாகத்தான் வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டச் சொல்லுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி). படத்தின் இருள்-வெளிச்சத்தைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் நகரலாம், விளிம்பில் முட்டக்கூடாது. பனிக்குள் ஆட்டோஃபோகஸ் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தண்டின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த மரத்தில் ஏறிய மிளகுக்கொடியும், அடியில் நனைந்து பளபளக்கும் காப்பி இலையும் இருந்தால், லென்ஸ் முன் மாட்டும் வடிகட்டியான போலரைசரைத் திருப்பிப் பாருங்கள். இலை மேலிருக்கும் வெள்ளைப் பளபளப்பு அடங்கி, உள்ளே இருக்கும் கரும்பச்சை எழுந்து வரும். அகலக்கோண லென்ஸில் வானம் சேர்ந்தால் மட்டும் கழற்றிவிடுங்கள், வானம் திட்டுத்திட்டாக இருளும்.

லென்ஸின் முன்கண்ணாடியில் படியும் பனித்துளியைச் சட்டை நுனியால் துடைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முதலில் ஊதுகுமிழால் தூசியைத் தள்ளி, பிறகு மைக்ரோஃபைபர் துணி. ஆளுக்கு இரண்டு துணி இருக்கட்டும், ஒன்று எப்படியும் நனைந்துவிடும்.

குளிர்ந்த கண்ணாடி ஈரமான சூட்டுக் காற்றைத் தொட்டால் வியர்க்கும். ஏசி வண்டியிலிருந்து இறங்கும்போதும், மலைக்குளிரோடு அடிவாரத்துக்கு வந்ததும் இதுதான் நடக்கிறது. பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டால் போதும். வீட்டுக்குப் போனதும் நேர்மாறு: அன்றைக்கே பையைக் காலிசெய்து உலர்த்த வேண்டும். ஈரப்பையை மூடி அலமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல்நூலாகப் படரும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், அப்புறம் சுத்தம் செய்தாலும் வடு போகாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறோம். எஃகு நாரைப் (ஸ்டீல் வூல்) பற்றவைத்துச் சுழற்றிப் பொறி பறக்கவிடும் இரவுப் படங்களை மலையில் அடியோடு நிறுத்துங்கள். பிப்ரவரி முதல் மே வரை புல் காய்ந்து கிடக்கிறது, ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் மாண்டதை நாம் யாரும் மறக்கவில்லை. காப்புக்காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி கையில் இருக்க வேண்டும். சேர்வராயன் கோயில் மேட்டில் செருப்பைக் கழற்றுங்கள், கும்பிட வந்தவர்களைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம்.

அடுத்த பயண அறிவிப்பில் புறப்படும் நேரம் சனி மதியம் 2 மணி என்று போடுங்கள். கொண்டுவர வேண்டியவற்றில் இரண்டு துணி, ஒரு ஊதுகுமிழ், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவற்றையும் சேருங்கள். லேடீஸ் சீட்டில் ட்ரைபாட் விரிக்க உதவி தேவைப்பட்டால் நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
சேலத்து நிலக்காட்சிப் படக்காரர்கள் சிலர்