சளி டப்பாவைத் திருப்பி அனுப்பிய தம்பிக்கும் மற்றவர்களுக்கும்

நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வார்டில் இருந்த டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். உங்களில் இரண்டு பேரைத்தான் பார்க்க முடிந்தது. மற்றவர்கள் எங்களுக்கு ரிப்போர்ட்டின் கீழே இருக்கும் கையெழுத்து மட்டும்தான். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

அப்பா பல வருடங்களுக்கு முன்பே டி.பி. வந்து, ஆறு மாத மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமானவர். மறுபடியும் இருமல், எடை இறக்கம், அப்புறம் சளியில் ரத்தம். எக்ஸ்ரேயில், பழைய டி.பி. நுரையீரலில் விட்டுப்போன குழி தெரிந்ததும், ஒரு இடத்தில் திரும்பவும் டி.பி. மாத்திரையே கொடுத்தார்கள். ரத்தமாக இருமினால் நம் ஊரில் முதலில் டி.பி.யைத்தான் நினைக்க வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் சளியில் கிருமி இல்லை, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்டிலும் இல்லை என்று வந்த பிறகு, “அப்படின்னா வேற என்ன?” என்று கேட்ட முதல் ஆள் உங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவு டாக்டர் அம்மாதான். சி.டி. ஸ்கேனில் அந்தக் குழிக்குள் ஒரு உருண்டை, அதன் மேல் பிறை வடிவில் காற்று. ஆறிப்போன டி.பி. குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை குடியேறும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

சந்தேகம் அவருடையது. அதை உறுதி செய்தது நீங்கள்.

முதல் நன்றி, சளி டப்பாவைத் திருப்பிக் கொடுத்த தம்பிக்கு. “இது எச்சில்ண்ணா, இதுல ஒண்ணும் தெரியாது” என்றவர் அதோடு விடவில்லை. வார்டுக்கே வந்து, “ஐயா, காலையில வெறும் தண்ணியில வாயைக் கொப்பளிச்சிட்டு, மூச்சை நல்லா இழுத்து, நெஞ்சு அடியிலிருந்து இருமித் துப்புங்க” என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதிய கண்டக்டருக்கு மூச்சு இழுக்கப் பாடமா என்று அப்பா முணுமுணுத்தாலும், மறுநாள் சொன்னபடியே கொடுத்தார்.

அடுத்தது, மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கவிட்ட மேடத்துக்கு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் சளியும் செல்களும் கரைந்துபோகும், பூஞ்சை இழை கரையாமல் நிற்கும் என்றார். நிறமில்லாத இழைகள், உள்ளே குறுக்குச் சுவர்கள், கவட்டைக் குச்சி மாதிரி கிளைகள். சளியிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டில் முதலில் வெள்ளையாக வந்து, பிறகு புகை படிந்த நீலப்பச்சையாக மாறியதையும் காட்டினார். ஒன்றும் வளராவிட்டால் நாலு வாரம் வரைக்கும் வைத்துப் பார்ப்பார்களாம்.

அதற்கப்புறமும் அவர் அவசரப்படவில்லை. இந்தப் பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கும், நோய் இல்லாதவர் சளியில்கூட வளரும், தட்டில் வந்ததை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது என்றார். பூஞ்சையின் சுவரிலிருந்து வரும் காலக்டோமானன் என்ற பொருளை ரத்தத்தில் தேடும் டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தபோது நாங்கள் குழம்பிப்போனோம். இந்தப் பூஞ்சை நோயின் நாள்பட்ட வகையில் ரத்தத்தில் அது பல நேரம் தெரியாது என்று விளக்கி, பூஞ்சையை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் அளக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஐ.ஜி.ஜி. டெஸ்டுக்கு அவரே ஏற்பாடு செய்தார். எங்கள் ஊர் லேப் எதிலும் அது கிடையாது. ஐஸ் வைத்துக் கட்டி வெளியூருக்கு அனுப்பி, ரிப்போர்ட் வரும்வரை துரத்திக்கொண்டே இருந்தார்கள். அளவு மிக அதிகம். ஸ்கேன், கல்ச்சர், ஐ.ஜி.ஜி. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டிய பிறகுதான் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை ஆரம்பித்தார்கள்.

மருந்துக் கவுண்ட்டர் அண்ணனையும் மறக்க முடியாது. கேப்சூலைச் சாப்பாட்டோடு போடச் சொன்னவர், “கேஸ் மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?” என்றும் கேட்டார். அப்பா தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்த கேப்சூல் சரியாக உடம்பில் ஏறாதாம். டாக்டரிடம் சொல்லி அதை நிறுத்தினோம்.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முக்கியமான பூஞ்சைகளின் பட்டியலில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் முதல் வரிசையில் இருக்கிறது. டி.பி. வந்து போனவர் வீட்டில் மறுபடி இருமல் கேட்டு, டி.பி. டெஸ்ட் இல்லை என்று வந்தால், “பூஞ்சைக்குப் பார்த்தாச்சா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்பாவுக்கு ரத்தம் நின்றுவிட்டது, எடையும் ஏறுகிறது. மாத்திரை இன்னும் சில மாதம் ஓடும். மருந்தளவு பார்க்க அடுத்த தடவை ரத்தம் கொடுக்க வரும்போது உங்களுக்கு மணப்பாறை முறுக்கு கொண்டுவருகிறாராம். லேபுக்குள் தின்பண்டம் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வெளியே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
கண்டக்டர் ஐயாவின் மகன்