திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஜான் லாரியின் படங்களோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டுத் திரையிடல்கள் முழுவதையும் ஒரே குணச்சித்திர நடிகருக்கு ஒதுக்கினோம். ஜான் லாரி, ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள டம்ஃப்ரீஸ் ஊரில் 1897 மார்ச் 25 அன்று பிறந்தவர். கட்டடக்கலை படிக்கத் தொடங்கியவர் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி நாடகத்துக்கு வந்தார். லண்டன் ஓல்ட் விக் நாடக அரங்கிலும் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்போர்டிலும் ஹாம்லெட், மாக்பெத், மூன்றாம் ரிச்சர்ட் என்று பெரிய வேடங்களைக் கட்டியவர். அத்தகையவர் சினிமாவில் வருவது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களை ஒழுங்காகப் பார்க்க என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த ஆண்டு நமது வேலையாக இருந்தது.

முதல் திரையிடல் ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' (1935). கொலைப் பழியோடு தப்பியோடும் கதாநாயகன் ஹேனே ஒரு மலைக்குடியானவன் வீட்டில் இரவு தங்குகிறான். அந்தக் குடியானவன்தான் லாரி. மனைவியாக பெகி ஆஷ்கிராஃப்ட். சாப்பாட்டு மேசையில் லாரி உணவுக்கு முந்தைய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாய் கடவுளிடம், கண் விருந்தாளியிடமும் மனைவியிடமும். எதிரே இருவரும் செய்தித்தாளைப் பார்த்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கவனித்துவிடுகிறார். கொலைச் செய்தியை அவர் அறியார். கள்ளக் காதல் என்று நினைக்கிறார். சாக்குச் சொல்லி வெளியே போய் ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கிறார். பொறாமை, பேராசை, பக்தி மூன்றையும் வசனமே இல்லாமல் அந்த முகம் சொல்லிவிடுகிறது. பின்னர் தன் கோட்டையும் அதிலிருந்த தேவாலயப் பாட்டுப் புத்தகத்தையும் தேடுகிறார். மனைவி எடுத்துக் கொடுத்த அந்தக் கோட்டின் பையிலிருந்த புத்தகம்தான் ஹேனேயின் மார்பில் பாய வந்த குண்டைத் தடுத்தது.

இந்தக் காட்சியைத் திரையிடலுக்கு முன் ஓட்டிப் பார்த்தபோதே இரண்டு கோளாறுகள் தெரிந்தன.

ஒன்று, படச் சட்டம். அந்தக் காலப் படங்கள் அகலம் 1.37-க்கு உயரம் 1 என்ற அளவில் எடுக்கப்பட்டவை. புரொஜெக்டரை 'ஜூம்' அமைப்பில் விட்டால் 16:9 திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் சேர்த்துக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெட்டுப்படும். நெருக்கக் காட்சியில் முதலில் போவது நெற்றியும் புருவமும். லாரிக்கு அது போனால் பாதி நடிப்பே போன மாதிரி. 'ஸ்ட்ரெட்ச்' அமைப்போ அவருடைய ஒட்டிய கன்னத்தை உப்ப வைத்துவிடுகிறது. நம் திரை 8 அடி அகலம், நாலரை அடி உயரம். சரியான அளவில் படம் 6 அடி 2 அங்குலம்தான் நிற்கும். இருபுறமும் 11 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். "திரை வீணாகிறதே" என்று கேட்ட உறுப்பினர்களுக்கு இதுவே விளக்கம்.

இரண்டாவது, குரல். 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் வினாடிக்கு 24 படச் சட்டம் உள்ள படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 86 நிமிடப் படம் 83 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாத வட்டுகளில் குரல் ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மேலே போய்விடும். லாரியின் அடித்தொண்டைக் கரகரப்பு இதில் மெலிந்துபோகிறது. ஆகவே 24 சட்டத்திலேயே ஓடும் புளூரே பிரதி கிடைத்தால் அதையே எடுப்பது என்று முடிவு செய்தோம். ஒரு விநியோகஸ்தர் புளூரே என்று சொல்லி வேறு வட்டை அனுப்பியதால் ஒரு திரையிடல் இரண்டு வாரம் தள்ளிப்போனது. இனி வட்டு கைக்கு வந்த அன்றே ஓட்டிப் பார்ப்போம்.

அடுத்து மைக்கேல் பவலின் 'தி எட்ஜ் ஆஃப் தி வேர்ல்ட்' (1937). 1930 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவில் மிஞ்சியிருந்த 36 பேரும் வெளியேறிய நிகழ்ச்சியிலிருந்து பிறந்த கதை; படமாக்கியது ஷெட்லாந்தின் ஃபூலா தீவில். தீவை விட்டுப் போக மறுக்கும் பீட்டர் மேன்சன் லாரி. 40 வயதுகூட ஆகாதவர், வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பனாக வருகிறார், உறுத்தவே இல்லை. இந்த ஆண்டின் மிகச் சிறந்த திரையிடல் இதுதான் என்பது செயற்குழுவின் ஒருமித்த கருத்து. 1978-இல் பவலும் லாரியும் மீண்டும் ஃபூலாவுக்குப் போய் எடுத்த சிறு படத்தையும் சேர்த்தே போட்டோம்.

லாரன்ஸ் ஒலிவியர் இயக்கிய மூன்று ஷேக்ஸ்பியர் படங்களிலும் லாரி இருக்கிறார். 'ஹாம்லெட்'டில் (1948) தொடக்கக் காவலாளி பிரான்சிஸ்கோ. தாமதமாக வந்தவர்கள் அவரைத் தவறவிட்டார்கள். 'ட்ரெஷர் ஐலண்ட்'டில் (1950) பார்வையற்ற கடற்கொள்ளையன் பியூ. கண்ணையே கருவியாகக் கொண்ட நடிகர் குரலால் மட்டும் மிரட்டுகிறார்.

கடைசி மூன்று மாதம் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் 'டாட்ஸ் ஆர்மி' (1968–1977, 80 பகுதிகள்). இரண்டாம் உலகப் போரில் ஊர்க்காவல் படையிலேயே இருந்த லாரி, 71 வயதில் அதே படையின் கதையில் ஃப்ரேசராக, சவப்பெட்டிக் கடைக்காரராக வந்தார். ஃப்ரேசர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான பாராவைச் சேர்ந்தவர். அது கேலிக் பேசும் பகுதி. லாரியோ ஸ்காட்லாந்தின் தெற்குத் தாழ்நிலத்துக்காரர். அழிவு வந்துவிட்டது என்று கண்ணை உருட்டி அவர் இழுக்கும் அந்த 'ர'கரம் டம்ஃப்ரீஸ் பக்கத்து நாக்கு.

உறுப்பினர்கள் பலரும் கேட்ட 'எ ஸ்ட்ரைப் ஃபார் ஃப்ரேசர்' பகுதியைப் போட முடியவில்லை. அப்போது வீடியோ நாடா விலை அதிகம். அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். இரண்டாம் வரிசையின் மூன்று பகுதிகளுக்கு இன்றும் படம் இல்லை, இது அவற்றில் ஒன்று. ஒலி மட்டும் தப்பியது; 2016-இல் அதற்கு அசைவூட்டம் செய்தார்கள். ஃப்ரேசருக்குப் பதவி கிடைக்கும் பகுதியே போய்விட்டது என்பது பெரிய இழப்பு.

அதே தொடரின் 'ரூம் அட் தி பாட்டம்' பகுதியின் கதை வேறு. வண்ணத்தில் எடுத்தது, கறுப்பு வெள்ளை 16 எம்.எம். பிரதியாக மட்டும் எஞ்சியது. தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்துப் பிரதி எடுத்தபோது, வண்ணத்தைச் சுமக்கும் மின்குறிப்பு வடிகட்டப்படாமல் நுண்புள்ளிகளாகப் படத்தில் பதிந்திருந்தது. அந்தப் புள்ளிகளைக் கணினியால் படித்து 2008-இல் வண்ணத்தை மீட்டார்கள். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து ஓட்டினோம்.

லாரி 1980 ஜூன் 23 அன்று, 83 வயதில் காலமானார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பது ஒன்றுதான்: திரையின் இரு ஓரத்துக்கும் 11 அங்குல அகலம், நாலரை அடி நீளத்தில் இரண்டு கறுப்பு ஃபிளானல் மறைப்புகள். பளபளக்கும் துணி வேண்டாம். ஒளியைத் திருப்பி அடிக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்