விக்கிரவாண்டி தாண்டியதும் கண்ணாடியைப் பார்

குரோம்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள சேகர்,

‘முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது?’ என்ற உன் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. நீ கேட்டது அப்படிப்பட்ட கேள்வி. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். என் கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான், பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் காலையில் பேப்பர் எனக்குக் கிடைப்பதில்லை, அவள் படித்து முடித்த பிறகுதான் என் முறை. மீனாவின் கல்யாண வேலைகள் பாதி முடிந்துவிட்டன. மண்டபம் தாம்பரத்திலேயே அமைந்துவிட்டது. சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. பத்திரிகையில் யார் பெயரை எங்கே போடுவது என்ற சண்டை மட்டும் பாக்கி. அது கல்யாணத்துக்கு முதல் நாள்வரை ஓடும்.

இனி உன் விஷயம். போன மாதம் சென்னைக்கு வந்தபோது, விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் வரை ஒரு வெள்ளை வண்டி உன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு லைட் அடித்தபடி வந்தது, கை நடுங்கிவிட்டது, கல்யாணத்துக்குப் பேசாமல் ரயிலிலேயே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அறுபது வயதில் புதுக் கார் வாங்கிவிட்டு ரயிலில் வருவாயா? வா, காரிலேயே வா. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்.

நீ வண்டி ஓட்டிப் பழகியதெல்லாம் நாலு வழியாக்குவதற்கு முந்தைய பழைய கும்பகோணம் சாலையில். அணைக்கரைப் பாலத்தில் எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது, சேத்தியாத்தோப்புக்கு முன்னால் கரும்பு டிராக்டரை எந்த இடத்தில் முந்துவது என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. அந்தச் சாலையில் ஆபத்து எதிரிலிருந்து வந்தது, அதனால் உன் கண் எப்போதும் முன்னாலேயே இருக்கும். விக்கிரவாண்டியில் ஏறுகிற ஜி.எஸ்.டி. ரோட்டில், அதாவது சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில், நடுவில் மீடியன் இருக்கிறது. எதிரே யாரும் இல்லை என்று மனசு தளர்ந்துவிடுகிறது. அங்கே ஆபத்து முதுகுப் பக்கமாக வரும். உன் வண்டியில் மூன்று கண்ணாடி இருப்பது அந்தச் சாலைக்காகத்தான். நீ நடுக் கண்ணாடியைத் தலை வாரிக்கொள்ள மட்டும் பயன்படுத்துகிறாய் என்று உன் பையன் சொன்னான்.

லைட் அடிப்பதற்கும் இரண்டு இடத்திலும் இரண்டு அர்த்தம். உன் ஊர்ச் சாலையில் எதிரே வருபவன் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள். ஜி.எஸ்.டி.யில் பின்னால் வருபவன் அடித்தால் ‘வழி விடு’. அவ்வளவுதான். நீயோ அதை ஏதோ திட்டு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்தக் காலத்தில் லாரி கிளீனர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ‘போ போ’ என்று காட்டுவானே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கை எவ்வளவு மரியாதையான கை! இப்போது பல லாரிகளில் கிளீனரே இல்லை. கையும் இல்லை, மரியாதையும் இல்லை, ஹார்னும் லைட்டும்தான் மிச்சம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், உண்மையைச் சொல். அந்த வெள்ளை வண்டி உன் பின்னால் வந்தபோது நீ எந்த லேனில் இருந்தாய்? வலது லேனில்தானே? உன் கடிதத்தில் அதை எழுதவில்லை. எழுதாததால்தான் எனக்குத் தெரிகிறது. ஏனென்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

போன வருஷம் மார்கழியில் நானும் லலிதாவும் விழுப்புரம் போனோம். செங்கல்பட்டு வரை சாலையை எட்டு வழியாக அகலப்படுத்திவிட்டார்கள் அல்லவா, அதுவரை தொல்லை இல்லை. அதற்கப்புறம் பாலாற்றுப் பாலத்தை நெருங்கும்போது எல்லாம் நாலு வழிக்குள், அதாவது ஒரு பக்கத்துக்கு இரண்டு லேனுக்குள், புனலில் எண்ணெய் ஊற்றினதுபோல இறங்கும். நான் வலது லேனில் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். அந்த எண்பதில் எனக்கு ஒரு பெருமை. நான் விதிப்படி போகிறவன், யாருக்காகவும் விலக வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு. பின்னால் ஒரு பெரிய வண்டி வந்து லைட் அடித்தது. இடது லேன் காலியாகத்தான் இருந்தது. நான் நகரவில்லை. “அவனுக்கு வழிவிட்டா என்ன குறைஞ்சுபோயிடும்?” என்றாள் லலிதா. “என்ன அவசரம் அவனுக்கு?” என்றேன். அவன் இடது பக்கமாக முந்தப் பார்த்தான். சேகர், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் வேகத்தைக் கூட்டினேன். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. அவனும் கூட்டினான். படாளம் தாண்டி இடது ஓரத்தில் ஒரு பெரியவர் மொபெட்டில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு, அவர் பாட்டுக்குச் சரியான பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். அந்த வண்டிக்காரன் அவரைக் கண்டதும் என் முன்னால் நுழைந்தான். நான் பிரேக்கை மிதித்தேன். மொபெட் மிரண்டு மண்ணில் இறங்கிச் சாய்ந்துவிட்டது.

அவன் நிற்கவில்லை, போய்விட்டான். நான் ஓரம் கட்டி இறங்கி ஓடினேன். பெரியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. புல்லுக்கட்டுதான் காப்பாற்றியிருக்கிறது. தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “சண்டை உங்க ரெண்டு பேருக்கும். பள்ளத்துல நான் ஏன் உழணும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றார். புல்லுக்கட்டைத் தூக்கிக் கட்டிக் கொடுத்தோம், அவ்வளவுதான். விழுப்புரம் போய்ச் சேரும்வரை லலிதா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். 1989இல் வந்த சாலை விதிகளிலேயே இருந்தது, 2017இல் அதற்குப் பதிலாக வந்த விதிகளிலும் இருக்கிறது: உன்னை ஒருவன் முந்தும்போது நீ வேகத்தைக் கூட்டக் கூடாது, எந்த வகையிலும் அவனைத் தடுக்கக் கூடாது. முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றால் முட்டாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இரண்டாவதை அவன் மீறினான், முதலாவதை நான் மீறினேன். இருபத்தெட்டு வருஷம் லைசென்ஸ் வைத்திருக்கிறேன், அப்படி ஒரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை இதுதான்: முந்தி முடித்தவுடன் இண்டிகேட்டர் போட்டு இடது லேனுக்கு வந்துவிடு. வலது லேன் முந்துவதற்கு மட்டும். குடியிருப்பதற்கு இல்லை.

‘இடது லேனில் எப்படிப் போவது?’ என்று நீ கேட்பாய். நியாயம்தான். பஸ் நிற்கும், ஷேர் ஆட்டோ நிற்கும், நுங்கு வண்டி நிற்கும், ராங் சைடில் பைக் வரும், ராத்திரியில் பின் விளக்கு இல்லாமல் லாரி நிற்கும். மாமண்டூரில் டீ குடிக்கும்போது ஒரு லாரி டிரைவரிடம் இதைக் கேட்டேன், “ஏன் எல்லாரும் வலது பக்கமே பிடிச்சுக்கிட்டுப் போறீங்க?” என்று. “இடது பக்கம் போனா பத்து எடத்துல பிரேக் அடிக்கணும் சார். பாரத்தோட நிறுத்திட்டு மறுபடி கிளப்ப எத்தனை கியர் மாத்தணும் தெரியுமா? டீசலை யார் குடுப்பா?” என்றார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அறுபதில் போகும் லாரி ஐம்பத்தெட்டில் போகும் லாரியை முந்த ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார். இரண்டு லாரியின் நீளம், முன்னும் பின்னும் கொஞ்சம் இடைவெளி எல்லாம் சேர்த்து நாற்பது மீட்டர் என்று வை. மணிக்கு 2 கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதைக் கடக்க 72 வினாடி. அதற்குள் 1.2 கிலோமீட்டர் போய்விடும். அதுவரை பின்னால் இருக்கிற கார், ஆம்னி பஸ் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசை கட்டும். லாரி விலகியதும் திறந்துவிட்ட மதகு மாதிரி பாய்வார்கள். அப்போது அவர்கள் முன்னால் மாட்டுவது உன்னைப்போல ஒருத்தன். முதுகில் ஒட்டுகிறவன் எல்லோரும் ரவுடி இல்லை, பாதிப்பேர் அந்த 72 வினாடியில் கெட்டுப்போனவர்கள்.

இடதில் போகும்போது சின்ன ஊர், பஸ் ஸ்டாப், மீடியன் திறப்பு வந்தால் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள். குறைத்தே தீரவேண்டிய இடங்கள் அவை.

இப்போது வலது லேனில் முந்திக்கொண்டிருக்கும்போதே ஒருத்தன் வந்து ஒட்டிவிட்டான் என்று வை. இடதில் லாரி வரிசை, உடனே விலக வழியில்லை. இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். சிலர் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். சிலர் பாடம் புகட்டுகிறேன் என்று பிரேக்கைத் தொட்டுக் காட்டுவார்கள். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். அவன் உன் பின்னால் ஐந்து மீட்டரில் வந்தால் அவனுக்கு இருக்கிற நேரம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மனுஷனுக்குக் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு வினாடி ஆகும். நீ பாடம் நடத்த நினைத்தால் அவன் பரீட்சையை உன் டிக்கியில்தான் எழுதுவான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் தெருவில் இருக்கிற, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒருவர். பின்னால் இடம் இல்லையென்றால் முன்னால் இடத்தைப் பெருக்கிக்கொள் என்றார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடு. உனக்கும் முன்வண்டிக்கும் நடுவே இடைவெளி தானாகக் கூடும். அப்புறம் முன்னால் யாராவது சட்டென்று நின்றாலும் நீ பதறி மிதிக்க வேண்டியதில்லை, நிதானமாக நிறுத்தலாம். உனக்காக மட்டும் இல்லை, உன் பின்னால் இருக்கிற மடையனுக்காகவும் சேர்த்து நீ பிரேக் பிடிக்கிறாய். யோசித்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. இடதில் வழி கிடைத்ததும் இண்டிகேட்டர் போட்டு விலகி அவனைப் போகவிடு. போகும்போது திரும்பி முறைக்காதே, கையைக் காட்டாதே. உனக்குக் கை காட்டும் பழக்கம் உண்டு என்பது காலேஜ் நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

இடைவெளியை அளக்க ஒரு வழி: முன்வண்டி ஏதாவது பாலத்தின் நிழலையோ கிலோமீட்டர் கல்லையோ தாண்டும்போது “ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு” என்று நிதானமாகச் சொல். சொல்லி முடிப்பதற்குள் நீ அந்த இடத்துக்கு வந்துவிட்டால் கிட்டத்தில் இருக்கிறாய். அந்த இரண்டு வினாடி, தொண்ணூறில் 50 மீட்டர். மழையென்றால் நாலு வரை எண்ணு. அந்த இடைவெளியில் ஒருத்தன் வந்து நுழைவான், நிச்சயம் நுழைவான், நம் ஊரில் காலி இடத்தை யார் விட்டார்கள்? நுழைந்தால் நுழையட்டும். மறுபடி காலை எடு, மறுபடி எண்ணு.

ராத்திரியில் பின்னாலிருந்து ஹை பீம் கண்ணைக் கூசினால், நடுக் கண்ணாடிக்கு அடியில் சின்னதாக ஒரு நெம்பி இருக்கும், அதைத் தட்டிவிடு. வெளிச்சம் மங்கிவிடும். உன் புது வண்டியில் அது தானாகவே மங்கினாலும் மங்கும், பையனிடம் கேள். மழை பெய்கிறது என்று நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓடாதே. நீ லேன் மாறுகிறாயா இல்லையா என்று பின்னால் வருபவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

நேரக் கணக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விக்கிரவாண்டியிலிருந்து பெருங்களத்தூர் சுமார் 120 கிலோமீட்டர். தொண்ணூறில் வந்தால் 80 நிமிடம், நூறில் வந்தால் 72. எட்டு நிமிடத்துக்காகத்தான் இத்தனை லைட்டும் ஹார்னும். அந்த எட்டு நிமிடமும் பரனூர் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் ஒத்துக்கொள்ளாத ஒரு வண்டிக்குப் பின்னால் நின்றால் போய்விடும்.

நான் திருந்திவிட்டேனா என்று கேட்காதே. போன வாரம்கூட மதுராந்தகம் ஏரிப் பக்கம் ஒருத்தன் ஒட்டிக்கொண்டு வந்தபோது கால் தானாக ஆக்ஸிலேட்டரில் அழுந்தியது. லலிதா ஒன்றும் சொல்லவில்லை, “புல்லுக்கட்டு” என்றாள். விலகிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடியற்காலை கிளம்பு. நெய்வேலி, பண்ருட்டியெல்லாம் வெயில் ஏறுவதற்குள் தாண்டிவிடலாம். ஆத்தூர் டோல்கேட் தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு போன் பண்ணு, ஓட்டிக்கொண்டே பண்ணாதே. பெருங்களத்தூரில் நான் வந்து நிற்கிறேன், அங்கிருந்து மண்டபத்துக்கு என் பின்னாலேயே வா. ஆனால் ஒட்டாமல் வா.

அம்மாவுக்குக் கும்பகோணம் வெற்றிலை இரண்டு கவுளி வேண்டுமாம். கண் தெரிய ஆரம்பித்ததிலிருந்து இங்கே கிடைக்கிற இலையில் கறுப்புப் புள்ளி இருக்கிறது என்கிறாள். ஈரத்துணியில் சுற்றி, ஏ.சி. காற்று நேரே படாத இடமாக வைத்துக் கொண்டுவா.

அன்புடன்,
மூர்த்தி