லே செல்லும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

டெல்லி அலுவலக நண்பர்களோடு விமானத்தில் நேராக லடாக் மலைப்பகுதியிலுள்ள லே நகரத்தில் போய் இறங்கப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். சிங்கப்பூரில் நீ ஏறி வளர்ந்த புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். லே ஏறத்தாழ 3,500 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தாதியாக வேலை பார்த்தவள் இதைக் கேட்டு எப்படிச் சும்மா இருப்பேன்?

குளிரில் விரல் வெளுத்தால் பயப்படாதே. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, உள்ளுறுப்புகளுக்குச் சூட்டைக் காக்கின்றன. தேக்கா சந்தை மீன்காரரின் கையைக் கவனித்திருக்கிறாயா? ஐஸில் அளைந்த விரல் முதலில் வெளுக்கும். ஐந்து, பத்து நிமிடத்தில் தானாகச் சிவக்கும். பிறகு மறுபடியும் வெளுக்கும். குழாய்கள் இடையிடையே திறந்து விரலைக் காப்பாற்றுகின்றன. தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930இல் இதை விவரித்தார். கையுறையைக் கழற்றாமல் இரு.

என் கவலையெல்லாம் நுரையீரலைப் பற்றித்தான். ஆக்சிஜன் குறைந்தால் உடம்பில் மற்ற இடங்களின் ரத்தக்குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். 1946இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டார்கள். நிமோனியாவில் சளி அடைத்த பகுதிக்குப் போகும் ரத்தத்தை, காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடுவது இந்தச் சுருக்கம்தான். எத்தனை அற்புதமான ஏற்பாடு! மலையிலோ நுரையீரல் முழுவதிலும் ஆக்சிஜன் குறைவு. எல்லாப் பக்கமும் சுருங்குகிறது, அதுவும் ஒரே சீராக இல்லை. குறைவாகச் சுருங்கிய இடங்களில் ரத்தம் அதிக அழுத்தத்தோடு பாய்ந்து, நுண்குழாய்களிலிருந்து நுரையீரலுக்குள் நீர் கசிகிறது. குளிர் அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றும். திடகாத்திரமான இளைஞர்களுக்கும் இது வரும். தேசிய சேவையில் நீ ஓடிய ஓட்டம் இதைத் தடுக்காது.

ஆகவே, போனதும் இரண்டு நாள் ஓய்வெடு. அதற்கு மேலே போனால், இரவு தங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆக்சிஜன் வாங்கிச் சுவாசித்துக்கொண்டே கீழே இறங்கிவிடு. "சாதாரணச் சளிதான், காலையில் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. அந்த இரவுதான் ஆபத்து.

இந்தக் கடிதத்தை உன் நண்பர்களுக்கும் படித்துக் காட்டு. லே போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்கு அழை.

அன்புடன்,
அம்மா