மார்கழி கிடைக்கும், தை கிடைக்காது

டெ மாய்ன், அயோவா
23 நவம்பர் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. தினமும் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் ரோஜா மட்டும் அனுப்புகிறவன் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அங்கே மழை விடாமல் பெய்து உன்னை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டிருக்க வேண்டும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தது போதும், டாக்டரைப் போய்ப் பார். உறையூர் வீட்டை விட்டு ஸ்ரீரங்கத்துக்கு மாறியது நல்ல முடிவுதான். தேர் அன்றைக்குச் சித்திரை வீதியில் உன் வண்டியை எங்கே நிறுத்தப் போகிறாய் என்பது உன் பாடு.

இங்கே எல்லாரும் நலம். பட்ஜெட் தகராறில் அரசாங்கத்தை நாற்பத்து மூன்று நாள் பூட்டிவைத்திருந்து இந்த மாதம்தான் திறந்தார்கள். அதில் விமானக் கட்டுப்பாட்டு அறைகளில் ஆள் பற்றாமல் போய், பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். நம் டிக்கெட்டும் போச்சா என்று வீட்டில் ஒரே புலம்பல். இப்போது சரியாகிவிட்டது. டிசம்பர் 20 கிளம்புகிறோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ‘பிப்ரவரியில் பாதி விலைக்கு டிக்கெட் கிடைக்கும்போது எதுக்குடா வருஷா வருஷம் டிசம்பர்லயே வர்றே?’ என்று கேட்டிருக்கிறாய்.

நானா தேர்ந்தெடுத்தேன்? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கிறிஸ்துமஸுக்குத்தான் மூடுகிறது. ஏறக்குறைய இரண்டு வாரம். ஜனவரி பிறந்த கையோடு திறந்துவிடுவார்கள். ஆபீசிலும் வருஷக் கடைசியில் லீவு கேட்டால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. ஜனவரி நடுவில் கேட்டால், என்ன விசேஷம் என்று விளக்கம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற இந்தியக் குடும்பம் எல்லாம் இந்த இரண்டு வாரத்துக்குள்தான் ஊருக்குப் போய்வந்தாக வேண்டும். விமானக் கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதா? அந்தத் தேதிகளுக்கு மட்டும் தனி விலை வைக்கிறான். நாமும் வாங்குகிறோம்.

விலைகூடப் பரவாயில்லை. எனக்கு உறுத்துவது வேறு. மார்கழி கிடைக்கும், தை கிடைக்காது. வாசல் கோலத்தில் பூசணிப்பூ வைப்பதை என் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பொங்கல் பானை பொங்குவதை வீடியோ காலில்தான் பார்த்திருக்கிறார்கள். அங்கே உங்களுக்குக் காலை, இங்கே முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அம்மா போனைப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள், புகையில் ஒன்றும் தெரியாது, இவர்கள் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே ‘பொங்கலோ பொங்கல்’ என்பார்கள். லால்குடிப் பக்கம் கரும்பு வயலில் நிற்கும்போது நான் பெட்டி கட்டுகிறேன். அது வெட்டுப்பட்டுச் சந்தைக்கு வரும்போது நான் இங்கே வாசலில் பனியை வாரிப் போட்டுக்கொண்டிருப்பேன். ஏசு பிறந்ததற்கு விட்ட லீவில் என் அம்மாவைப் பார்க்க வருகிறேன், அவ்வளவுதான் விஷயம். யார்மேல் கோபப்பட?

வைகுண்ட ஏகாதசிகூட ஒரு வருஷம் மாட்டும், ஒரு வருஷம் மாட்டாது. 2023இல் டிசம்பர் 23 அன்று வந்தது. அடுத்தது 2025 ஜனவரி 10க்குத் தள்ளிப்போனது. நான் அதற்குள் இங்கே வந்து தூக்கக் கலக்கத்தோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரே வருஷத்தில் இரண்டாவது ஏகாதசியாக டிசம்பர் 30 அன்றும் வருகிறது. இருப்பேன். சொர்க்கவாசல் திறக்கிற அன்று விடியற்காலையில் அந்தக் கூட்டத்துக்குள் உன் முழங்காலை இழுத்துக்கொண்டு போக முடியாது, நான் மட்டும் போய்வருகிறேன். காபி போட்டு வைத்தால் போதும்.

இரண்டாவது கேள்வி: அத்தனை மணி நேரம் ஏர்போர்ட்டில் என்னதான் செய்வாய்?

இங்கிருந்து ஒரு சின்ன விமானம் சிகாகோ ஓஹேருக்கு. அங்கிருந்து தோஹா. தோஹாவிலிருந்து சென்னை. நடுவில் காத்திருப்பது குறைவாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லாரும் டிக்கெட் தேடுவார்கள். நான் இப்போதெல்லாம் நீளமாக இருப்பதையே எடுக்கிறேன். வீட்டில் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். ஆனால் டிசம்பர் மாத சிகாகோவில் ஒன்றரை மணி நேரத்தில் விமானம் மாறுவது சூதாட்டம்.

பனி கொட்டுகிற நாளில் விமானம் கதவைச் சாத்தியதும் பறந்துவிடாது. ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நீண்ட கை வைத்த லாரியில் ஒரு ஆள் மேலே நின்றுகொண்டு, கிளைக்கால் என்ற உறைதடுப்பு ரசாயனம் கலந்த சூடான தண்ணீரை இறக்கைமேல் பீய்ச்சுவார். முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, படிந்திருக்கிற பனியைக் கரைத்துக் கழுவிவிட. அப்புறம் பச்சை நிறத்தில், கெட்டியாக ஒன்று, புதிதாக விழுவது ஒட்டாமல் இருக்க. அந்தப் பச்சைக்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். எவ்வளவு வேகமாகப் பனி விழுகிறது, எவ்வளவு குளிர் என்று பார்த்து, இத்தனை நிமிஷம் தாங்கும் என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஓடுபாதையில் வரிசை நீண்டு அந்த நேரம் கடந்துவிட்டால் திரும்பி வந்து மறுபடியும் குளியல். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். நான் முணுமுணுப்பதில்லை. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடா விமானம் ஒன்று இறக்கையில் பனியோடு கிளம்பி, மேலே ஏற முடியாமல் ஆற்றுப் பாலத்தில் மோதி, உறைந்து கிடந்த போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் காரில் போனவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். இறக்கையின் வளைவு மேல் சொரசொரப்பாகக் கொஞ்சம் பனி படிந்தாலே தூக்கும் சக்தி போய்விடுமாம். அதனால் குளிப்பாட்டட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது இப்படித்தான் தாமதமாகி, அடுத்த விமானம் போய்விட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். கவுன்ட்டரில் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாப்பாட்டுக் கடை எல்லாம் ஏற்கெனவே மூடியாயிற்று. இரும்புக் கைப்பிடி வைத்த நாற்காலிகள் வேறு, ஒருவரும் படுத்துவிடக் கூடாது என்றே செய்தவை. விழுப்புரம் ஜங்ஷனில் நாம் கழித்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? வண்டி எப்போது வரும் என்று ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் பிளாட்பாரத்தில் துண்டை விரித்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள், டீக்காரர் விடிய விடிய நடந்துகொண்டிருந்தார். காத்திருக்கிறவனை மதிக்கத் தெரிந்தது அந்த ஜங்ஷனுக்குத்தான்.

ஓஹேரில் நேரம் கிடைத்தால் முதல் டெர்மினலுக்கு நடந்துபோய்விடுவோம். அங்கே பிராக்கியோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு ஒன்று, சிகாகோவிலுள்ள ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் வார்ப்பு, கூரையைத் தொடுகிற மாதிரி நிற்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அதன் காலடியிலேயே மணிக்கணக்கில் ஓடுவார்கள். பக்கத்தில் இரண்டு கட்டடங்களை இணைக்கிற சுரங்கப்பாதை. 1987இல் மைக்கேல் ஹேடன் என்ற கலைஞர் அதன் கூரை முழுக்க நியான் குழாய்களைத் தொங்கவிட்டு, நாம் நகரும்போது நிறம் அலையாய் மாறுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார். நகரும் நடைபாதையில் போய், திரும்பி, மறுபடி போய்… பைசா செலவில்லாத பொழுதுபோக்கு. அப்புறம் ரயிலேறி ஐந்தாவது டெர்மினல்.

தோஹா வேறு மாதிரி. நடு மண்டபத்தில் இருபதடிக்கு மேல் உயரமான மஞ்சள் கரடி பொம்மை, தலைக்குப் பின்னால் மேஜை விளக்கு முளைத்திருக்கும். ஊர்ஸ் ஃபிஷர் என்ற சுவிஸ் சிற்பி செய்தது. அதில் என்ன கலை இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ‘கரடிக்குக் கீழே நில்’ என்று சொன்னால் யாரும் தொலைந்துபோவதில்லை. 2022இல் திறந்த உள்தோட்டம் ஒன்று இருக்கிறது, பாலைவனத்தில் மரமும் தண்ணீருமாக. எனக்குப் பிடித்தது இரண்டும் இல்லை, சாய்ந்து படுக்க நாற்காலி போட்ட அமைதி அறைகள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, குடும்பத்துக்குத் தனி. காசு கேட்பதில்லை. அங்கே படுத்து யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத மணி நேரங்கள் இருக்கிறதே, ஆபீசுக்கும் நான் கிடைக்க மாட்டேன், வீட்டுக்கும் கிடைக்க மாட்டேன். நீளக் காத்திருப்பை எடுப்பதற்கு உண்மைக் காரணம் இதுதான், வீட்டில் சொல்லிவிடாதே.

சென்னை கேட்டுக்குப் போனால் நம் ஊர் தொடங்கிவிடும். கூப்பிடுவதற்கு முன்னாலேயே வரிசை. பெரும்பாலும் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள். போன தடவை புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் அருகில் உட்கார்ந்தார். கட்டட வேலை, ஃபோர்மேன். பையில் பால் பவுடர் டின், கோடாலித் தைலம், பேரனுக்கு ரிமோட் கார். முன்பெல்லாம் எல்லாரும் டிவி கொண்டுபோவார்கள், 2013 ஆகஸ்டில் தட்டை டிவிக்கு வரி போட்டதும் அது நின்றுபோனது என்றார். ‘உங்களுக்கு எத்தனை நாள் லீவு சார்?’ என்று கேட்டார். இரண்டு வாரம் என்றேன். ‘வருஷா வருஷமா?’ ஆமாம் என்றேன். கொடுத்துவைத்தவர் என்றார். அவருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான், ஆனால் இரண்டு மாதம். தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு, வீட்டுப் பொங்கல், மாட்டுப்பொங்கல், தைப்பூசம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாராம். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பாய். அவருடைய வெயிலையும் சம்பளத்தையும் எனக்குக் கொடுத்தால் ஒரு வாரம் தாங்க மாட்டேன், அதுவும் தெரியும்.

ஏன் எல்லா ஃபாரின் ஃப்ளைட்டும் நடுராத்திரியில் இறங்கி உங்களைத் தூங்க விடாமல் அடிக்கிறது என்றும் கேட்டிருந்தாய். ஐரோப்பாவில் பல விமான நிலையங்களில் ராத்திரியில் விமானம் விட அனுமதி கிடையாது. ஃபிராங்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை தடை. அங்கே காலையில் போய் இறங்க வேண்டுமானால் சென்னையிலிருந்து நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்ப வேண்டும். அதே விமானம் அதற்குச் சற்று முன்னால்தானே வந்து சேரும். வளைகுடாவிலும் மேற்கிலிருந்து வருகிறவர்களைச் சாயங்காலம் சேர்த்து, ராத்திரியில் கிழக்கே பிரித்து அனுப்புகிறார்கள். அவர்கள் ஊர் தூங்க, நம் ஊர் விழித்திருக்கிறது.

பொங்கலுக்கு வந்தாலும் சுகமில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வதும் உண்டு. 2018இல் போகி அன்று காலை எரித்த புகையும் மூடுபனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல், வந்த விமானங்களைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிட்டார்கள். பழைய பாயை எரித்து விமானத்தைத் திருப்புகிற ஊர் நம்முடையது மட்டும்தான்.

ஆபீசில் தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான். அக்கா கல்யாணம் தையில். போகவில்லை. செப்டம்பரிலிருந்து அநேகமாக எல்லாருக்கும் விசா முத்திரைக்கு நேரில் இன்டர்வியூ என்று ஆக்கிவிட்டார்கள், போனால் எப்போது திரும்ப முடியும் என்று தெரியவில்லை. தாலி கட்டுவதை போனில் பார்க்கப் போகிறான். அவனிடம் என் பொங்கல் புலம்பலைச் சொல்ல முடியுமா? அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

ஒரு செய்தி பாக்கி. பெரியவள் அடுத்த ஆகஸ்டில் காலேஜ் போகிறாள். இங்கே பல காலேஜ்களில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை லீவு. ஆக, அடுத்த வருஷம் டிசம்பரில் வந்தால் அவள் பொங்கல் வரை அங்கே இருக்கலாம். சின்னவன் இன்னும் ஒன்பதாவதுதான், அவனை வைத்துக்கொண்டு நாங்கள் வழக்கம்போல ஜனவரி முதல் வாரமே திரும்ப வேண்டும். அவளிடம் கேட்டேன், ‘பாட்டியோட இருக்கேன்பா’ என்கிறாள். எனக்குக் கிடைக்காத தை என் மகளுக்குக் கிடைக்கட்டும். ஆனால் லால்குடியிலிருந்து சென்னைக்குத் தனியாக வந்து விமானம் ஏற வேண்டும். நீ கூட வந்து மீனம்பாக்கத்தில் விட்டுவிட்டு வர முடியுமா? இப்போதே சொல்ல வேண்டாம், நேரில் பேசலாம்.

இந்தத் தடவை கார் எடுத்துக்கொண்டு சென்னைக்கு வருகிறேன் என்ற பேச்சே வேண்டாம். பல்லவன் ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அறுபது நாளுக்கு முன்னால்தான் தருகிறார்கள், அரையாண்டு லீவுக் கூட்டம் வேறு, திறந்த அன்றே பிடித்தேன். ஸ்ரீரங்கத்தில் இறங்குகிறோம், பெட்டி நாலும் கனம், ஆட்டோ இரண்டு சொல்லிவை. பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. முழங்கால் பட்டை வாங்கிவிட்டேன். வேறு என்ன வேண்டும் என்று வீட்டில் கேட்டு எழுது. பாதாம் மட்டும் கேட்காதே, அங்கேயே கிடைக்கிறது.

உன்,
மணி