டீசல் புல்லட்டுக்கு எத்தனை பல்?

குளோஸ்டர், இங்கிலாந்து,
ஜனவரி 18

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சித்திக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? உங்கள் மருமகளுக்கு இந்த மாதம் முழுக்க நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்தால் மூன்று மணி வரை வீட்டில் சத்தம் கூடாது. நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. சனி ஞாயிறில் நடுவில் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பின்கட்டுக் கொட்டகையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறேன்.

போனில் இதைச் சொல்ல வரும்போதெல்லாம் சித்தி வாங்கிக்கொண்டு "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்துவிடுகிறார். அதனால் எழுதுகிறேன். உங்கள் டீசல் புல்லட்டில் செயின் ஓடும் பல்சக்கரங்களின் பல்லை எண்ணிச் சொல்லும் ஒரு வேலையும் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

போன கோடையில் எஞ்சின் இல்லாத 350 புல்லட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நம் திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரி வண்டிதான், பழைய மாடல். எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. அதைப் பார்த்ததுமே உங்கள் டீசல் புல்லட் ஞாபகம் வந்துவிட்டது. இதிலும் ஒரு டீசல் எஞ்சினை வைத்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன். பாலைக் கேன் கேனாகக் கட்டிக்கொண்டு நீங்கள் ஊருக்குள் திரும்பும்போது, கண்மாய்க் கரையில் கேட்கிற அந்தச் சத்தத்துக்குத்தான் அப்பத்தா அடுப்பில் உலை வைக்கும். டாரஸ் என்கிற அந்த டீசல் மாடலில் இருந்தது 325 சிசி, ஆறரைக் குதிரை. 65-க்கு மேல் போகாது, ஆனாலும் லிட்டருக்கு எழுபது ஓடும் என்பீர்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது, பெட்ரோலைவிட டீசல்தான் விலை கூடுதல். விவசாயத்துக்கென்று சிவப்புச் சாயம் கலந்து மலிவாகத் தருகிறார்கள், அதை ரோட்டில் ஓட்டினால் குற்றம். ஆகவே காசு மிச்சம் பிடிக்க நான் இதைச் செய்யவில்லை. அந்தச் சத்தம் எனக்கு மறுபடி வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சின் சீனாவில் செய்தது. யான்மார் எல்100 மாதிரியைப் பார்த்துச் செய்த ஒற்றை சிலிண்டர், ஏர் கூலிங். போர் 86 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 70, ஆக 406 சிசி. பத்துக் குதிரை, 3600 சுற்று. எடை ஐம்பது கிலோவை நெருங்குகிறது. தேடும்போது ஒன்றில் கவனமாக இருந்தேன். ஜெனரேட்டருக்கு வருவதில் ஷாஃப்ட் டேப்பராக, முனை குறுகி இருக்கும். பம்புக்கு வருவதில் நேர் ஷாஃப்ட், மாட்டும் சக்கரம் வழுக்காமல் இருக்க சாவிக்கட்டை (கீ) போட்டது. நமக்கு ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம், மாட்ட அதுதான் வேண்டும். ஷாஃப்ட்டை இடது பக்கம் பார்த்து வைத்தால் சுற்றும் திசையும் சக்கரம் உருளும் திசையும் ஒன்றாகவே வருகிறது. அதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை சித்தப்பா.

ஃபிரேமில் எங்கும் வெட்டவில்லை. வெட்டினால் பழைய நம்பரே போய்விடலாம் என்று பயம். இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, எஞ்சினை அதில் உட்கார வைத்திருக்கிறேன். ரப்பர் வைத்தால் அதிர்வு குறையும், ஆனால் எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு ஓடும் பிரைமரி செயின் நேர்கோட்டில் நிற்காது, அதனால் நேராக போல்ட்தான். வண்டி ஓடத் தொடங்கியதும் எஞ்சின் நம்பர், சிசி, எரிபொருள் மூன்றும் மாறியதை ஸ்வான்சியில் இருக்கிற வண்டிப் பதிவு ஆபீசுக்கு எழுதி லாக் புக்கைத் (இங்கே ஆர்.சி. புத்தகம் மாதிரி) திருத்த வேண்டும். அதற்காக எஞ்சின் வாங்கிய ரசீதை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதல் நாள் எஞ்சின் எடுக்கவே இல்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. பிறகுதான் நீங்கள் கிணற்றடியில் சொல்லித் தந்தது உறைத்தது. இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமாக டீசல் வருகிற வரை ஏர் எடுத்தேன். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரை அமுக்கி ஒரே இழுப்பு, பிடித்துக்கொண்டது! ஆனால் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் லீவருக்குக் கேபிள் மாட்டாமல் விட்டிருந்தேன். பெட்ரோல் வண்டி பழக்கத்தில் சாவியைத் திருப்புகிறேன், அது பாட்டுக்கு ஓடுகிறது. த்ராட்டிலும் எங்கோ சிக்கி முழு வேகத்தில் கத்துகிறது. துணி வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பீர்களே, அதனால் ஒரு பலகையை எடுத்து ஏர் கிளீனர் வாயில் அழுத்திப் பிடித்தேன். மூச்சுத் திணறி நின்றது. கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. மறுநாள் முதல் வேலையாகக் கேபிள் மாட்டிவிட்டேன்.

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணு" என்றார். சின்ன வயதில் டர்ஸ்லியில் லிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவராம். நம் கிணற்றடியில் 650 சுற்றில் ஓடிய ராஜ்கோட் எஞ்சின், அந்த லிஸ்டரைப் பார்த்துச் செய்ததுதானே! அது பிறந்த ஊர் இங்கிருந்து அரை மணி நேரம்தான். இரண்டு பெரிய ஃப்ளைவீல், தண்ணீர்த் தொட்டி, புகைக்குழாய் மேல் நாம் கவிழ்த்து வைத்த டப்பா எல்லாவற்றையும் வரைந்து காட்டினேன். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில் ஒருவரோடு மனம் விட்டுப் பேசியது அன்றுதான். அடுத்த ஞாயிறு அவருடைய பழைய மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் முட்டி நிற்பது ஸ்ப்ராக்கெட்டின் பல் கணக்கில். பெட்ரோல் புல்லட் 5600 சுற்று வரை போகும். என் எஞ்சினை 3600-க்கு மேல், சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் விடாது. பழைய ஸ்ப்ராக்கெட்டையே போட்டால் டாப் கியரிலும் ஊர்ந்துதான் போகும். எஞ்சின் பக்கப் பல்லைக் கூட்டினால் வேகம் வரும், ஆனால் 18 குதிரை இருந்த இடத்தில் இப்போது பத்துதான். பர்ட்லிப் என்று இங்கே ஒரு செங்குத்து ஏற்றம் இருக்கிறது, அதில் மூச்சு வாங்கி நின்றுவிடும். நம் ஃபேக்டரிக்காரர்கள் டாரஸுக்கு எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரிந்தால் அதிலிருந்து நான் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறதே, உங்கள் வண்டி, அதன் இடது பக்கப் பிரைமரி மூடியைத் திறந்து பார்ப்பீர்களா? மற்ற புல்லட் மாதிரி நடுவில் ஒரே நட்டுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆயில் கொட்டும், அடியில் சட்டி வையுங்கள். எஞ்சின் பக்கம் எத்தனை பல், கிளட்ச் பக்கம் எத்தனை பல், ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் போட்டு இரண்டு தடவை எண்ணுங்கள். முடிந்தால் பின்பக்கச் செயின் ஓடுகிற கியர்பாக்ஸ் பல்லையும். நீங்கள் குனிய வேண்டாம், தம்பியை எண்ணச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

உங்கள் பதில் வரும் வரை செயினுக்கு ஆர்டர் போடாமல் வைத்திருக்கிறேன். சித்தியிடம் சொல்லுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

தங்கள் அன்பு மகன்