மென்குரலுக்கும் ஒரு மேடை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களில் நடக்கும் பழைய பாடல் இரவுகளுக்கும் கராவோக்கே போட்டிகளுக்கும் கூடுமானவரை போய்விடுகிறவன் நான். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? அங்கே பின்னணிப் பாடகர் பி.பி.ஸ்ரீனிவாஸின் பாடல்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவர் பாடியதுபோல் அடங்கிய குரலில் பாடுகிறவர்கள் அரிது. அப்படி யாராவது பாடினாலும் பரிசு கிடைப்பதில்லை. இதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அண்மையில் ஒரு போட்டியில் இளைஞர் ஒருவர் 'காலங்களில் அவள் வசந்தம்' பாடினார். நல்ல குரல்வளம். சுருதியை ஏற்றி வைத்துக்கொண்டார். ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டவர் தம் பங்குக்கு எதிரொலியைக் கூட்டினார். சரணத்தின் முடிவில் அவர் இழுத்த இழுப்புக்கு அரங்கமே கைதட்டியது. முதல் பரிசும் அவருக்குத்தான். அவர்மேல் எனக்குக் குறையில்லை. எதற்கு மதிப்பெண் விழும் என்று தெரிந்து பாடியிருக்கிறார். அவருக்கு முன்னால் நடுவயதுக்காரர் ஒருவர் 'நிலவே என்னிடம் நெருங்காதே' பாடலை மிக அடக்கமாகப் பாடினார். குரலில் இன்னும் வலு வேண்டும் என்று அறிவுரை சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பாட்டுக்கு எதற்கு வலு? தன்னை நாடி வரும் பெண்ணிடம், நீ தேடுகிறவன் இங்கே இல்லை என்று சொல்லி விலகுகிறவனின் பாட்டு அது. 1966ல் 'ராமு' படத்தில் ஜெமினி கணேசனுக்காக ஸ்ரீனிவாஸ் பாடியது. விலகுகிறவன் உரக்கக் கத்திக்கொண்டா விலகுவான்?

பரிசு வாங்கிய பாட்டுக்கு வருகிறேன். 1961ல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படப் பாடல் அது. மாதங்களில் நான் மார்கழி, பருவங்களில் வசந்தம் என்று கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை எடுத்து, கண்ணதாசன் ஒரு பெண்ணின்மேல் ஏற்றிவிட்டார். எவ்வளவு துணிச்சல்! அத்தனை பெரிய புகழ்ச்சிக்குக் குரலும் பெரிதாக எழும்பியிருந்தால் பாட்டு முகத்துதி ஆகியிருக்கும். ஸ்ரீனிவாஸ் குரலைத் தணித்துக்கொண்டார். எதிரே இருக்கிறவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்ற அளவில் பாடினார். அதே படத்தில் சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாடியிருக்கிறார். இசையமைத்த விஸ்வநாதன் - ராமமூர்த்தி இருவருக்கும் எந்தக் குரலை எங்கே வைக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. அதே ஆண்டு வந்த 'பாசமலர்' படத்திலும் இதே பங்கீடுதான். டி.எம்.எஸ். ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். அவரோடு தினமும் சாப்பிட்டாக வேண்டும்.

இப்படித் தணிந்து பாடுவதைப் பலவீனம் என்று நினைப்பதுதான் கோளாறு. கிட்டப்பா காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கவேண்டும் என்பதால் உச்சச் சுருதியில் பாடினார்கள். ஒலிவாங்கி வந்த பிறகுதான் மூச்சை அடக்கி, பேசுவதுபோலப் பாட வழி பிறந்தது. ஏ.எம்.ராஜா ஜெமினிக்கு அப்படிப் பாடினார். 1959ல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்துக்கு இசையும் அவரே அமைத்தார். அடுத்து வந்தவர் ஸ்ரீனிவாஸ். கீழ்ச்சுருதியில் பாடினால் ஒளிந்துகொள்ள இடமில்லை. மூச்சு எங்கே தடுமாறினாலும் கேட்கும். சொல் எங்கே மழுங்கினாலும் தெரியும்.

எதிரொலி செய்கிற கெடுதலுக்கு ஓர் உதாரணம். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சுசீலாவுடன் அவர் பாடிய பாரதியின் 'காற்று வெளியிடைக் கண்ணம்மா' பாடலைக் கேட்டுப் பாருங்கள். 'இதழ்களும்', 'விழிகளும்' என்று வருகிற இடங்களில் ழகரம் எத்தனை சுத்தமாக விழுகிறது! பாடியவர் காக்கிநாடாவில் பிறந்தவர், கன்னடத்தில் ராஜ்குமாரின் குரலாக இருந்தவர், உருதுவில் கஜல் எழுதியவர். நம் கராவோக்கே பெட்டியில் எதிரொலிக் குமிழை வலப்பக்கம் திருப்பியதும் அந்த ழகரம் மோரில் போட்ட உப்பாகக் கரைந்துவிடுகிறது.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1971க்குள் படைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தபோது, தளத்துக் குடியிருப்புகளில் ஒரே பேச்சுதான்: பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதா, இங்கேயே இருந்து வேறு வேலை தேடுவதா? அந்த நாள்களில் வானொலியில் 'மயக்கமா கலக்கமா' வந்தால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. நம்மைவிடக் கீழே இருப்பவர்களை எண்ணிப் பார்க்கச் சொல்லும் பாட்டு. இதையே ஒரு பெரியவர் நேரில் வந்து சொல்லியிருந்தால் அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கும். வேலை போகப்போகிறவனிடம் போய் அறிவுரை சொல்வார்களா? ஸ்ரீனிவாஸ் சொன்னபோது கேட்டுக்கொண்டார், ஏனென்றால் அந்தக் குரலில் சொல்கிறவனுக்கும் கவலை இருந்தது.

கவிஞர் வாலி, வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்த நேரத்தில், ஸ்ரீனிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியதாகவும் அதைக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அப்பாவும் பணிக்கொடையை வாங்கினார். இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பலில் மட்டும் ஏறவில்லை. எல்லாப் புகழையும் பாட்டுக்கே கொடுக்க முடியாது. அம்மாவின் பிடிவாதத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்த மென்மை பிடிக்காது என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். என் பேத்தி எம்ஆர்டியில் காதுக்கருவி மாட்டிக் கேட்கும் பாடல்களை வாங்கிக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலமோ கொரிய மொழியோ, பாதிக்குமேல் முணுமுணுப்புத்தான். தலையணையில் முகம் புதைத்துப் பாடினார்களோ என்றுகூடத் தோன்றும். அதை ரசிக்கிற காதுக்கு 'ரோஜா மலரே ராஜகுமாரி' அந்நியமாகவா இருக்கும்? பேத்திக்கு அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டாம் முறை அவளே போட்டுக்கொண்டாள்.

போட்டி நடத்தும் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களும் மற்ற அமைப்புகளும் கொஞ்சம் யோசிக்கலாம். உச்சரிப்புக்கும் மூச்சுக் கட்டுப்பாட்டுக்கும் தனி மதிப்பெண் வைக்கலாம். ஒரு சுற்றிலாவது எதிரொலியை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பாடச் சொல்லலாம். யாருக்கு உண்மையில் குரல் இருக்கிறது என்று அப்போது தெரியும். சில வெற்றியாளர்களுக்கு இது பிடிக்காது.

இன்னொன்றும் உண்டு. ஸ்ரீனிவாஸ் மறைந்தது 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். நம் தமிழ் மொழி விழா நடப்பதும் ஏப்ரலில்தான். பட்டிமன்றங்களுக்கும் கவியரங்குகளுக்கும் நடுவே ஒரு மாலைப் பொழுதை இந்த மாதிரிப் பாடல்களுக்கு ஒதுக்கினால் என்ன? ராஜாவும் ஸ்ரீனிவாஸும் அவர்களோடு பாடிய சுசீலாவும் ஜானகியும் போதும். பெரிய அரங்கு தேவையில்லை, ஒரு நூலகக் கூடம், ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா. யாராவது முன்வந்தால், நாற்காலி அடுக்கவும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடவும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்